ஜெபம் கேக்கப்படாம போனப்போ உங்கள விசுவாசத்துல பிடிச்சு வச்சது எது? நடந்தத சொல்லுங்க

கடுகளவு:
தம்பிக்காக சபையே 21 நாள் உபவாசம் எடுத்தாங்க. "சாகமாட்டான், இதே இடத்துல நின்னு சாட்சி சொல்லுவான்"னு ஒருத்தர் தீர்க்கதரிசனமாவே சொன்னாரு, நாங்க அத இறுக்கி பிடிச்சுக்கிட்டு டாக்டர் சொன்னதக்கூட காதுல வாங்கல. 19வது நாள் போயிட்டான். அடக்கம் முடிஞ்ச அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு போனேன், ஏன் போனேன்னு இப்பவும் தெரியல, பழகின கால் போயிருச்சு. எல்லாரும் கைய உயர்த்தி பாடுறாங்க, எனக்கு கையும் எழும்பல வாயும் வரல. பக்கத்துல ஒரு அம்மா, முன்னப்பின்ன பேசினதே இல்ல, தூக்கியிருந்த கைய இறக்கி என் கைய பிடிச்சுக்கிட்டாங்க. பாட்டு முடியற வரைக்கும் அவங்களும் பாடல. ஒரு வசனம் சொல்லல. கடைசி ஆசீர்வாதம் சொன்னதும் விட்டுட்டு போயிட்டாங்க. நான் இன்னும் சபையில இருக்கேன்னா அந்த கைதான்.

பின்வரிசை:
சிஸ்டர், வேதத்துல எல்லாத்தையும் பறிகொடுத்த யோபுவோட நண்பர்கள் 7 நாள் ராப்பகலா ஒண்ணும் பேசாம தரையில உக்காந்திருந்தாங்களே, அவங்க செஞ்சதுலயே உருப்படியானது அது ஒண்ணுதான். வாய திறந்ததும் கெட்டுச்சு. யோபு புஸ்தகம் 42ஆம் அதிகாரத்துல கர்த்தருக்கு கோபம் வந்தது யோபு மேல இல்ல, விளக்கம் சொன்னவங்க மேல.
என்னுது சின்ன விஷயம். வேலை போய் ரெண்டு வருஷம், கடன். அப்பவும் சண்டே ஸ்கூல் எடுத்துட்டுதான் இருந்தேன். ஜெபத்த பத்தி சொல்லிக் குடுக்கறப்போ ஒரு பொண்ணு "அங்கிள், நீங்க கேட்டது கெடச்சுதா"ன்னு கேட்டா. பொய் சொல்ல மனசு வரல, இல்லம்மான்னேன். "சரி"ன்னு தலையாட்டிட்டு கலர் அடிக்க போயிட்டா. அந்த "சரி" இன்னும் காதுல இருக்கு.

நாலாம் ஜாமம்:
கடுகளவு சிஸ்டர், உங்க துக்கம் புரியுது, ஆனா தீர்க்கதரிசனம் சொன்னவர் மேல கசப்பு வச்சுக்காதீங்க, கசப்பு வேர் விட்டா ஜெபமே வராது. தினமும் ஒரு சங்கீதத்த சத்தமா வாசிங்க, மனசுல வாசிச்சா பத்தாது. ஐக்கியத்த விடாதீங்க. ராத்திரி தனியா உக்காந்து யோசிக்காதீங்க. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன பாருங்க, 1813ல பர்மா போனாரு, முதல் ஞானஸ்நானம் குடுக்கவே 1819 ஆச்சு, அப்புறம் ஜெயில், விலங்கு, 1826ல மனைவி போயிட்டாங்க, அடுத்த வருஷம் குழந்தையும் போச்சு, அப்பவும் வேதத்த மொழிபெயர்க்கறத விடாம 1834ல முடிச்சாரு. நாம சின்னதுக்கே சோர்ந்துடறோம். எனக்கும் ஆபரேஷன் ரெண்டு தடவ தோத்துச்சு, "என் கிருபை உனக்குப்போதும்"னு பிடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

பின்வரிசை:
பிரதர், தம்பிய பறிகொடுத்தது சின்னதா? ஜட்சன சொன்னீங்க, நடுவுல நடந்தத விட்டுட்டீங்க. மனைவி, குழந்தை போன பிறகு காட்டுக்குள்ள தனியா குடிசை போட்டு, தனக்குன்னு ஒரு குழி வெட்டி அது பக்கத்துல உக்காந்திருந்தவரு அவரு. விசுவாசிக்கிறேன், ஆனா தேவன கண்டுபிடிக்க முடியலன்னு அவரே எழுதியிருக்காரு. 1834 அந்த குழியத் தாண்டித்தான் வந்துச்சு. சங்கீதம் சத்தமா வாசிக்கணும்னா 88யும் வாசிங்க, அதுல கடைசி வரி வரைக்கும் விடியல, ஆனா முதல் வரியே "கர்த்தாவே"ன்னு கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்குது.

நாலாம் ஜாமம்:
குழி விஷயம் எனக்கு தெரியாது. சின்னதுன்னு சொன்னதுக்கு மன்னிச்சிருங்க சிஸ்டர். ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரி நானும் சுவத்த பாத்து திரும்பி படுத்துக்கிட்டேன், யார்கிட்டயும் சொன்னதில்ல.

கடுகளவு:
பரவாயில்ல பிரதர். 88 இப்பதான் வாசிச்சேன், சத்தமா, பாதியில நின்னு நின்னு. போன ஞாயிறு அந்த அம்மாவ தேடினேன், அதே வரிசையில நின்னேன், வரல. பேர்கூட கேட்டு வச்சுக்கல. பக்கத்துல ஒரு பையன் பாட்டு புக்க மூடியே வச்சுட்டு நின்னான், எனக்கு என்ன செய்யணும்னு தெரியல, நானும் என் புக்க மூடிட்டேன்.