பத்து மடங்கு உயரமான மனிதன் நிற்க முடியுமா?

கேள்வி:
தோண்டிய குழிக்குள் ராட்சத எலும்புக்கூடும், அதன் மண்டையோட்டருகே எறும்பைப் போல ஒரு தொழிலாளியும் தெரியும் படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மீண்டும் வலம் வருகிறது. கடோத்கசனின் எலும்பு என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளோ, "அப்படி ஒருவர் இருக்கவே முடியாதா, இல்லை இன்னும் கிடைக்கவில்லையா?" என்று கேட்கிறாள். சாண் அளவு மனிதர் சாத்தியமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, அந்தப் படம் 2002-இல் ஒரு போட்டிக்காகக் கணினியில் ஒட்டிச் செய்யப்பட்டது. அடியில் இருப்பது நியூயார்க் மாநிலத்தில் மாஸ்டடான் என்ற, யானைக்கு உறவான தொல்விலங்கை அகழ்ந்தெடுத்த இடத்தின் நிழற்படம்.

உங்கள் மகளுக்கு விடை, "நம் உடலமைப்போடு இருக்கவே முடியாது" என்பதுதான். உயரம், அகலம், பருமன் மூன்றும் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்காகிறது. எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நூறு மடங்குதான் கூடுகிறது. 60 கிலோ மனிதர் 60 டன் ஆவார். அவர் தொடை எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் பத்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டியிருப்பதால், அடியெடுத்து வைத்தவுடனே அது ஒடிந்துவிடும். கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் இரண்டு எலும்புகளை வரைந்து காட்டியிருக்கிறார். ஒன்று இயல்பானது, மற்றது மூன்று மடங்கு நீளமானது, ஆனால் அதே வலுவுக்காக உருண்டு திரண்டு, அடிமரத்துண்டு போலக் கிடக்கிறது. அந்த ஓவியத்தை மகளுக்குக் காட்டுங்கள்.

மறுமொழி 2:
கணக்கைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையே எனக்குப் பெரிய சான்றாகத் தோன்றுகிறது. பதிவுகளின்படி மிக உயரமானவரான அமெரிக்கர் ராபர்ட் வாட்லோ 272 செ.மீ. உயரம், பிட்யூட்டரி சுரப்பியின் மிகைச் சுரப்பால் வளர்ந்துகொண்டே போனார். நடப்பதற்குக் கால்களில் உலோகத் தாங்கிகள் அணிந்தார், பாதங்களில் உணர்வு குறைந்திருந்தது. தாங்கி உராய்ந்து கணுக்காலில் எழுந்த ஒரு கொப்புளம் சீழ்பிடித்து, 1940-இல், 22 வயதிலேயே அவர் உயிரைப் பறித்தது. நம்மைப் போல் இரண்டு மடங்குகூட இல்லாத உயரத்திலேயே இந்த நிலை என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

மறுமொழி 3:
சிறிய பக்கத்தில் சிக்கல் வேறு. பத்தில் ஒரு பங்கு உயரமானால் எடையோடு ஒப்பிட்ட தோற்பரப்பு பத்து மடங்காகி, உடற்சூடு விரைவாக வெளியேறும். சுமார் 2 கிராம் எடையுள்ள எட்ரூஸ்கன் மூஞ்சூறு தன் எடையைவிட அதிகமாக நாள்தோறும் உண்டே பிழைக்கிறது. மேலும் நரம்பணுக்கள் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. ஒன்றரை கிராம்கூட இல்லாத மூளையில் நம் சிந்தனை அடங்காது.

ஆனால் ஓரளவு குள்ளம் கற்பனையன்று. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் லியாங் புவா குகையில் 2003-இல் எலும்புகளாகக் கிடைத்த, ஏறத்தாழ 106 செ.மீ. உயரமுள்ள பெண், ஹோமோ புளோரசியென்சிஸ் என்ற தனி மனித இனத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படுகிறார். மூளை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் அக்குகையில் கற்கருவிகளும், யானைக்கு உறவான குள்ள ஸ்டெகோடானின் எலும்புகளும் கிடைத்துள்ளன.