மஸ்டாங் பின் டயர் உரசுகிறது, ஐஆர்எஸ் மாற்றிவிடலாமா? (அவசரம்)

டெக்சாஸ்வாசி:
வணக்கம் நண்பர்களே. என் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரில் பின்பக்கம் ஒரு டயர் உரசுகிறது. வளைவில் மேடு பள்ளம் வந்தால் வால் பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரியும் இருக்கிறது. எல்லாம் அந்த லாரி ஆக்ஸில் செய்கிற வேலை என்று ஆபீஸ் நண்பர் சொல்கிறார். இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகப் பிணைக்கிற இந்தச் சாலிட் ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு, ஐஆர்எஸ் (ஒவ்வொரு பின் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன்) போட எவ்வளவு ஆகும்? சனிக்கிழமை ரேஸ் ட்ராக்குக்குப் பணம் கட்டியாயிற்று, சீக்கிரம் சொல்லுங்கள்.

எண்ணெய்க்கறை:
எந்த வருட வண்டி? 2015 அல்லது அதற்குப் பிறகு என்றால் அதில் ஏற்கெனவே ஐஆர்எஸ்தான். எந்தப் பக்க டயர்? உள்ளே உரசுகிறதா, வெளியே ஃபெண்டரிலா?

பழைய ஸ்பானர்:
டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபரேஷனுக்கு விலை கேட்கிற கதை. 1964-லிருந்து வருகிற வண்டி தம்பி. வருடம், கியர், டயர் அளவு, என்னென்ன மாற்றினீர்கள், இதெல்லாம் இல்லாமல் கேள்வி போடாதீர்கள் என்று இங்கே எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

வளைவுப்பிரியன்:
வருடம் எதுவானால் என்ன, நண்பர் சொன்னது சரி. சாலிட் ஆக்ஸிலில் இரண்டு சக்கரமும் ஒரே இரும்புக் கூட்டில் மாட்டியவை. ஒன்று மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும். இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலும் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும். அவ்வளவு எடையையும் ஷாக் அப்சார்பர் அடக்கவேண்டும். ஐஆர்எஸ்ஸில் டிஃப்ரன்ஷியல் பாடியோடு நின்றுவிடும். கொர்வெட் காரில் 1963-லேயே வந்தது, மஸ்டாங்குக்கு 2015 ஆகவேண்டியிருந்தது.

கால்மைல்:
1999 மஸ்டாங் எஸ்விடி கோப்ரா மறந்துபோச்சா ப்ரோ? அதிலேயே ஐஆர்எஸ் வந்தாயிற்று. வந்து என்ன நடந்தது? 2003, 2004 கோப்ராவைக் கால் மைல் ஓட்டத்துக்குக் கொண்டுபோனவர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டு சாலிட் ஆக்ஸிலை மாட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் முழுசாக மிதித்தால் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் அமுங்கும், விடுபடும், மறுபடி அமுங்கும். சக்கரம் தடதடவென்று குதிக்கும், அந்த அடியில் டிஃப்ரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்ட் உடைந்துவிடும். 2013 மஸ்டாங் ஷெல்பி ஜிடி500-இல் 662 குதிரைசக்தி, பின்னால் சாலிட் ஆக்ஸில்தான்.

டெக்சாஸ்வாசி:
2011, மேனுவல். பின் டயர் 275. இடது டயர், வெளியே ஃபெண்டர் விளிம்பில். வேறு எதுவும் மாற்றவில்லை.

எண்ணெய்க்கறை:
வேறு எதுவுமே இல்லையா? வண்டி கம்பெனி உயரத்தில்தான் நிற்கிறதா?

டெக்சாஸ்வாசி:
லோயரிங் ஸ்பிரிங் போட்டிருக்கிறேன், ஒன்றரை இன்ச் இறங்கியது. ஒரு கடையில் கொடுத்து மாற்றினேன். உரசல் அதற்கப்புறம்தான். ஆனால் ஸ்பிரிங் மேலும் கீழும்தானே வேலை செய்யும், பக்கவாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய ஸ்பானர்:
"வேறு எதுவும் மாற்றவில்லை." அருமை.

எண்ணெய்க்கறை:
சம்பந்தம் இருக்கிறது. 2005 முதல் 2014 வரை வந்த மஸ்டாங்கில் ஆக்ஸில் முன்பின்னாகப் போகாமல் மூன்று ஆர்ம் பிடிக்கின்றன: கீழே இரண்டு, மேலே நடுவில் ஒன்று. பக்கவாட்டில் பிடிப்பது ஒரே ஒரு பேன்ஹார்ட் ராடு. அதன் ஒரு முனை பாடியில், மறுமுனை ஆக்ஸிலில். கம்பெனி உயரத்தில் அது கொஞ்சம் சாய்ந்திருக்கும், பாடி முனை மேலே. பாடியைத் தாழ்த்தினால் சாய்வு குறையும், ராடின் நீளமோ அப்படியேதான் இருக்கும். அப்போது அது ஆக்ஸிலை ஒரு பக்கமாகத் தள்ளித்தான் ஆகவேண்டும். இந்த வண்டியில் அது டிரைவர் பக்கம், அதாவது உங்கள் இடது டயர்.

சோதித்துப் பாருங்கள். சமமான தரையில் வண்டி சக்கரத்தில் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். ஃபெண்டர் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். வித்தியாசத்தில் பாதிதான் ஆக்ஸில் நகர்ந்த அளவு. நீளத்தை மாற்றக்கூடிய ராடு வாங்கி, அந்த அளவுக்குக் குறுக்கினால் நடுவுக்கு வந்துவிடும்.

இன்னொன்று. ஸ்பிரிங் மாற்ற ஆக்ஸிலை இறக்கும்போது இந்த ராடின் ஒரு முனையைக் கழற்றுவது வழக்கம். திரும்ப மாட்டும்போது சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம். பள்ளத்தில் டொக்கென்று சத்தம் வருகிறதா?

டெக்சாஸ்வாசி:
ஆமாம், வருகிறது!

வளைவுப்பிரியன்:
பேன்ஹார்டில் காசைப் போடாதீர்கள், வாட்ஸ் லிங்க் (இரண்டு கம்பியும் நடுவில் சுழலும் ஒரு துண்டும்) போடுங்கள். ஆக்ஸில் கிட்டத்தட்ட நேராகவே ஏறி இறங்கும், வால் தள்ளுவதும் குறையும். ஐஆர்எஸ் முடியாது என்றால் அடுத்தது அதுதான்.

பழைய ஸ்பானர்:
ஜேம்ஸ் வாட் 1784-இல் நீராவி இஞ்சினுக்குப் போட்ட ஏற்பாடு அது. நல்லதுதான், மறுக்கவில்லை. கேட்டவர் சனிக்கிழமை ஓட்டப்போகிறார், நீங்கள் அவர் வண்டியைப் பிரித்துப் போடச் சொல்கிறீர்கள். ஐஆர்எஸ் கேட்டாரே, அதற்கும் பதில்: 2015-இன் அமைப்பை 2011 பாடியில் போல்ட் போட்டு மாட்ட முடியாது. மவுண்ட் எல்லாம் வேறு, வெல்டிங் வேலை. அந்தப் பணத்துக்கு 2015 வண்டியையே வாங்கிவிடலாம்.

கால்மைல்:
2012 மஸ்டாங் பாஸ் 302-ஐ மறக்காதீர்கள். 444 குதிரைசக்தி, சாலிட் ஆக்ஸில். பத்திரிகைகள் ஐஆர்எஸ் உள்ள பிஎம்டபிள்யூ எம்3-க்கு எதிராகவே அதை ட்ராக்கில் விட்டுப் பார்த்தன. வளைவில் பாடி சாய்ந்தாலும் பின் சக்கரத்தின் கேம்பர் (செங்குத்திலிருந்து சாயும் கோணம்) அவ்வளவாக மாறாது, அதுவும் ஒரு லாபம்.

வளைவுப்பிரியன்:
வழுவழுப்பான ட்ராக்கில் சரி. மோசமான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். அமெரிக்காவின் நாஸ்கார் கப் ரேஸ் கார்களே 2022-இல் ஐஆர்எஸ்ஸுக்கு மாறிவிட்டன.

கால்மைல்:
2021 வரை அதே சாலிட் ஆக்ஸிலில்தானே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போனார்கள்? அப்போது ஆகாததா?

வளைவுப்பிரியன்:
போனார்கள், வேறு வழி விதியில் இல்லை. விதி மாறியதும் யாராவது பழசே வேண்டும் என்று அழுதார்களா?

எண்ணெய்க்கறை:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். @டெக்சாஸ்வாசி, அந்த ராடு போல்ட்டைப் பார்க்காமல் ட்ராக்குக்குப் போகாதீர்கள். பக்கவாட்டுச் சுமை முழுதும் அதில்தான். புஷ் உள்ள போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கவேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

டெக்சாஸ்வாசி:
அளந்தேன். இரண்டு பக்கத்துக்கும் அரை இன்ச் வித்தியாசம். ராடு போல்ட் கையாலேயே ஆடியது. புது ராடு போட்டாயிற்று, உரசல் போச்சு. நன்றி அண்ணே. நேர் ரோட்டில் 60 மைல் தாண்டினால் லேசாக ஒரு அதிர்வு மட்டும் இருக்கிறது, அது பரவாயில்லைதானே?

பழைய ஸ்பானர்:
பரவாயில்லை இல்லை. வண்டி இறங்கியதில் பினியன் கோணமும் (டிரைவ் ஷாஃப்ட் டிஃப்ரன்ஷியலில் சேருகிற இடத்தின் சாய்வு) மாறியிருக்கும். மேல் ஆர்ம் கம்பெனியுடையதா? டிரைவ் ஷாஃப்ட் இரண்டு துண்டா, ஒரே துண்டாக மாற்றினீர்களா? ஸ்பிரிங் மாதிரி இதையும் கடைசியில் சொல்லாதீர்கள்.

எண்ணெய்க்கறை:
ட்ராக் நாள் முடிந்ததா? டயரையும் ஒருமுறை பேலன்ஸ் பார்த்துவிடுங்கள். @டெக்சாஸ்வாசி?