கண்ணாடி வார்ப்பு அச்சுக்கு 304 ரக எவர்சில்வர் போதுமா, 316 ரகம் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். உடைத்த பாட்டில் கண்ணாடியை வீட்டு மின்சூளையில் 850 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, 10 செ.மீ. விட்டமுள்ள வட்டுகளாக வார்க்க விரும்புகிறேன். பிளாஸ்டர் அச்சு ஒரே வார்ப்போடு உதிர்ந்துவிடுவதால் எவர்சில்வர் வளையம் செய்யச் சொல்லியிருக்கிறேன். 316 தகட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்குப் பலன் உண்டா?

முதல் பதில்:
இந்த வேலைக்குப் பலன் இல்லை. 316இல் சேர்க்கப்படும் மாலிப்டினம் உப்புநீர் அரிப்பைத் தடுக்கவே உதவுகிறது. வெப்பம் தாங்கும் எல்லை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். 304 தொடர்ந்து சூட்டிலேயே இருந்தால் 925 டிகிரி வரை தாங்கும் என்றாலும், சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பின் ஆக்சைடு படலம் வெடித்துச் செதில்களாக உதிர்வதால், சூளை வேலைக்கு அதன் எல்லையை 870 என்றே கொள்ள வேண்டும். நீங்கள் அந்த விளிம்பில்தான் இருக்கிறீர்கள். பல வருடம் உழைக்க வேண்டுமானால் 25 சதவீதக் குரோமியமும் 20 சதவீத நிக்கலும் கொண்ட 310 வாங்குங்கள், விலைதான் கடிக்கும்.

இரண்டாம் பதில்:
ரகத்தைவிடச் சுருக்கம்தான் பெரிய சிக்கல். கண்ணாடி இறுகிய பின் சுமார் 500 டிகிரி ஆறுவதற்குள் 10 செ.மீ. வட்டு ஏறத்தாழ 0.45 மி.மீ. சுருங்கும்; 304 வளையமோ 0.9 மி.மீ. சுருங்கி அதை நெரிக்கும். வளையத்தின் உட்புறம் 3 மி.மீ. செராமிக் ஃபைபர் தாளை (சூளைச் சூட்டைத் தாங்கும் இழைத் தாள்) சுற்றி, அதன் மேல்விளிம்பு வட்டின் உயரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வெட்டுங்கள். இல்லையெனில் கண்ணாடி அதில் ஒட்டி ஓரத்தில் முள்முள்ளாக நிற்கும். தாளை வெட்டும்போதும் அகற்றும்போதும் முகக்கவசம் கட்டாயம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பழைய எவர்சில்வர் சம்படத்தின் அடியை வெட்டியெடுத்து வளையமாகப் பயன்படுத்தலாமா? காந்தம் ஒட்டவில்லை, எனவே 304 என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பதிலளித்தவர்:
காந்தத்தை நம்ப முடியாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசையிலும் அது ஒட்டாது. மலிவான பாத்திரங்கள் பல அந்த வகைதான். காந்தம் ஒட்டும் 430 ரகத்தின் விரிவு பாட்டில் கண்ணாடிக்கு நெருக்கமானது என்றாலும், சூட்டில் விரைவில் வலுவிழந்து வளையும். ரகம் எழுதிய 304 தகட்டையே 2 மி.மீ. தடிமனில் வாங்குங்கள். துத்தநாகம் பூசிய இரும்பை மட்டும் சூளைக்குள் வைக்காதீர்கள். அதன் புகை நஞ்சு.