சுவிஸ் குடியுரிமை மறுப்பு: மேன்முறையீடு செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. சுவிட்சர்லாந்துக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. சி வதிவிட அனுமதி (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) இருக்கிறது. எங்கள் குடியுரிமை விண்ணப்பத்தை உள்ளூராட்சி மறுத்துவிட்டது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் அரசின் சமூக உதவிப் பணம் பெற்றோமாம். உண்மைதான். கணவர் பக்கவாதத்தில் விழுந்தபோது ஒன்பது மாதம் வாங்கினோம். நான் அவரைப் பராமரித்துக்கொண்டே அதிகாலையில் துப்புரவு வேலைக்கும் போனேன். அது சோம்பேறித்தனமா?

2018இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், நோய், பராமரிப்புப் பொறுப்பு போன்ற தனிப்பட்ட நிலைமைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2003இல் மத்திய உயர் நீதிமன்றம் ஊர் மக்கள் வாக்குப்பெட்டியில் வாக்களித்து ஒருவரின் குடியுரிமையைத் தீர்மானிப்பதைத் தடுத்ததே, காரணம் சொல்லாமல் யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

மேன்முறையீட்டுக்கு 30 நாள் தந்திருக்கிறார்கள். 11 நாள் போய்விட்டது. இதே காரணத்தால் மறுக்கப்பட்டு வென்றவர்கள் இருக்கிறீர்களா? மருத்துவச் சான்றிதழுடன் வேறு என்ன இணைத்தீர்கள்? வாங்கிய பணத்தை முழுதாகத் திருப்பிக் கட்டிவிட்டு மீண்டும் விண்ணப்பிப்பது நல்லதா? குறைந்த கட்டணத்தில் ஜெர்மன் மொழியில் எழுதித்தரும் வழக்கறிஞர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

மகள் இங்கேதான் பிறந்தாள், வயது 17. "நான் எந்த நாட்டுக்காரி அம்மா?" என்று நேற்று கேட்டாள்.