‘ஸ்கோப் கிரீப்’: தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். மேலாண்மை ஆலோசகர் பணிக்கான சொற்பட்டியலில் ‘ஸ்கோப்’புக்குப் பணிவரம்பு என்று போன வாரம் முடித்தோம். அடுத்தது ‘ஸ்கோப் கிரீப்’. வரம்பு மீறல், எல்லை விரிவாக்கம், வரம்பரிப்பு என மூன்று வந்திருக்கின்றன. காலம், செலவு, ஆள்பலம் இவற்றை மாற்றியமைக்காமல் பணி கட்டுப்பாடின்றிப் பெருகுவது என்பதுதான் திட்ட மேலாண்மை அமைப்பான பிஎம்ஐயின் கையேடு தரும் பொருள். ‘மாற்றியமைக்காமல்’ என்பதுதான் இதில் உயிர். அதை விட்டுவிடாமல் சொல் தேடுவோம்.

———

> வரம்பு மீறல்

இது வேண்டாம் ஐயா. மீறல் என்றால் மீறியவர் ஒருவர் வேண்டும், கூடவே குற்றமும் வந்து சேரும். “வரம்பு மீறிட்டீங்க” என்று முதலாளியிடம் எந்த ஆலோசகர் சொல்வார்? கூட்டக் குறிப்பில் எழுத முடியாத சொல் இந்தத் தொழிலுக்கு உதவாது.

‘எல்லை விரிவாக்கம்’ நேர் எதிரான பொருள். மதுரை மாநகராட்சி 2011-இல் 72 வார்டிலிருந்து 100 வார்டு ஆனதே, அதுதான் எல்லை விரிவாக்கம். அது முடிவெடுத்து, அறிவித்து, வரைபடம் போட்டுச் செய்தது.

இங்கே நடப்பது வேறு. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் பாகப் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். பிரஸ் பகுதியில் ரிஜெக்ஷனை, அதாவது குறையால் கழிக்கப்படும் பாகங்களை, 8 சதவீதத்திலிருந்து 4-க்குக் கொண்டுவர வேண்டும். 12 வாரம், வாரத்துக்கு 2 நாள், ஆக 24 ஆள்நாள். மூன்றாம் வாரத்தில் முதலாளியின் மகன், “அப்படியே ஸ்டோரையும் ஒரு எட்டு பாத்துருங்க சார்” என்பார். போய்ப் பார்த்தால் புத்தகக் கணக்கும் கையிருப்பும் ஒத்துவராது. எண்ணி முடிக்க 3 நாள். ஆறாம் வாரம் அப்பா இன்சென்டிவ் கணக்குப் போட்டுத் தரச் சொல்வார், 2 நாள். டெஸ்பாட்ச் ஏன் தாமதமாகிறது என்று சித்தப்பா கேட்பார், இன்னொரு 2 நாள். 24-இல் 7 போய்விட்டது.

இழப்பு தெரிவது நைட் ஷிப்டில். எந்த பிரஸ்ஸில், எந்த ஷிப்டில், எந்தக் குறை எத்தனை என்று குறிக்கும் தாள், நாள் போதாமல், பகலுக்கு மட்டும் நிரம்பியிருக்கும். இரவில் அச்சின் சூடு இறங்குவதும், கியூரிங் (ரப்பர் சூட்டில் இறுகுவது) நேரம் முடியுமுன்னே அச்சைத் திறப்பதும் பிடிபடாமலே கிடக்கும். ரிஜெக்ஷன் 6-இல் நின்றுவிடும். கட்டணத்தின் கடைசித் தவணையை இலக்கோடு இணைத்திருந்தால் அதுவும் நிற்கும். கேட்ட மூவரும் நம்பிக்கையால் கேட்டவர்கள். ஆலோசகரும் முகம் கோணக் கூடாதென்று செய்தவர்தான்.

அதனால் என் வாக்கு வரம்பரிப்புக்கு. மண் அரிப்பு, கடல் அரிப்பு இரண்டும் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிற சொற்கள். வரம்பு என்றால் வயல் வரப்பும்தான். ஈழத்தில் இன்றும் வரப்பை வரம்பு என்றே சொல்கிறார்கள்.

———

வரப்பு வரைக்கும் வந்துவிட்டீர்கள் அண்ணே, இன்னும் ஓரடி வாருங்கள். அரிப்பு என்றால் வரப்பே கரைகிறது. நீங்கள் சொன்ன பட்டறையில் ஒப்பந்தக் கடிதத்தில் ஓர் எழுத்தும் கரையவில்லையே!

மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசன வயலைப் பாருங்கள். நடவுக்கு முன் வரப்பை வெட்டிச் சேறு பூசுவார்கள். அப்படியும் நண்டு வளை போட்டுவிடும். விரல் பருமன் ஓட்டைதான், ஆனால் மேல் வயல் தண்ணீர் ராத்திரி முழுக்கக் கீழ் வயலுக்கு இறங்கிவிடும். விடிந்து பார்த்தால் வரப்பு முழுசாக நிற்கும், தண்ணீர் இருக்காது. கடிதமும் அப்படித்தான். கையெழுத்தோடு ஃபைலில் பத்திரமாக இருக்கும், ஆள்நாள் மட்டும் இறங்கியிருக்கும். வளையை அன்றைக்கே கண்டால் ஒரு கை சேற்றை வைத்து மிதித்து அடைத்துவிடலாம். ஒரு வாரம் விட்டால் அந்த இடத்தில் வரப்பே உடையும்.

வரம்புக் கசிவு. வினையாகவும் வரும்: “வரம்பு கசியுது, பாத்துக்கங்க.” முதலாளியிடமே சொல்லலாம், யாரையும் குற்றம் சொன்னதாகாது. அரிப்பு என்றால் கேட்டவர் சொறியத்தான் நினைப்பார்.

———

வினாத்தாள் கசிவு, தகவல் கசிவு என்று பத்திரிகையில் தினம் வருகிறதே? ஆலோசகர் கையில் கம்பெனியின் ரகசியக் கணக்கெல்லாம் இருக்கும். வெறும் ‘கசிவு’ என்றால் பதறிப் போவார்கள்.

———

சரியான எச்சரிக்கை. ‘வரம்பு’ இல்லாமல் தனியாக ஆளக் கூடாது என்று பதிவிலேயே குறித்துவிடுகிறேன். வரம்புக் கசிவு நிற்கட்டும்.

விளக்கத்தில் அடைக்கும் வழியும் வேண்டும் என்பது என் கருத்து. மேலாண்மை ஆலோசனைக்கான சர்வதேச வழிகாட்டி, 2017-இல் வந்த ஐஎஸ்ஓ 20700, ஆலோசனைப் பணியை ஒப்பந்தம், நிறைவேற்றம், முடித்துவைத்தல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஓட்டை விழுவது பெரும்பாலும் முதல் கட்டத்தில். ‘உற்பத்தியை மேம்படுத்துதல்’ என்று கடிதத்தில் எழுதினால் ஸ்டோரும் அதில் அடங்கும், டெஸ்பாட்சும் அடங்கும். என்ன செய்வோம் என்று எழுதுவதைவிட, எதைச் செய்ய மாட்டோம் என்று ஐந்தாறு வரி எழுதுவதுதான் காப்பாற்றும்: ஸ்டோர் இருப்பு எண்ணுதல் இல்லை, சம்பளக் கணக்கு இல்லை, மென்பொருள் தேர்வு இல்லை. குடும்பத் தொழிலில் கேட்கும் உரிமை ஒருவருக்குத்தான் என்று பெயரோடு எழுத வேண்டும். மற்றவர்கள் அவர் வழியாகக் கேட்கட்டும்.

பிறகு நாள் பதிவேடு. உள்வேலை, வெளிவேலை என இரண்டு பத்தி, மணிக்கணக்கு, வாரம் ஒருமுறை அந்த ஒருவரின் கையெழுத்து. ஒரு மணி நேர உதவியைச் சும்மா செய்யலாம், ஆனால் பதிய வேண்டும். அரை நாளைத் தாண்டினால் ஒரு பக்கத் தாள்: என்ன வேலை, எத்தனை நாள், அதற்கு ஈடாக எதை விடுவது அல்லது எவ்வளவு கட்டணம், முடிவுத் தேதி எங்கே நகரும். அந்தத் தாள் கையெழுத்தாகிவிட்டால் அது கசிவு இல்லை. மடை திறந்து பாய்ச்சுவது மாதிரி. அதற்கு ‘வரம்புத் திருத்தம்’ என்று வைக்கிறேன்.

ஒன்று பாக்கி. யாரும் கேட்காமலே ஆலோசகர் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதை இதில் சேர்க்கக் கூடாது. காரணம் வேறு, மருந்தும் வேறு. ‘மிகைப்பணி’ என்று தனியாகப் போட்டிருக்கிறேன். மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.