சீதனம் வேண்டாம்னு சொன்னா அப்பாவ கனம்பண்ணாம போறதா ஆகுமா? ஆலோசனை சொல்லுங்க

குழித்துறை_தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு 29 வயசு, ஊரு மார்த்தாண்டம் பக்கம், பெங்களூர்ல ஐடி வேலை. சபையில வாலிபர் ஐக்கியத்துல இருக்கேன், சண்டே ஸ்கூல்ல கிளாஸும் எடுத்திருக்கேன். இப்ப வீட்ல பொண்ணு பாக்காங்க, ஒரு இடம் ஏறக்குறைய முடிவாகுற மாதிரி இருக்கு, பொண்ணு நர்ஸ், நல்ல விசுவாசமுள்ள குடும்பம், போன்ல பேசிருக்கோம், ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா எங்க அப்பா புரோக்கர் மாமா மூலமா பவுனும் ரொக்கமும் பேசிட்டு இருக்காங்க. நான் வேண்டாம்னு சொன்னா ஒரே ஒரு கேள்விதான் கேக்காங்க, "உன் அக்காவ கட்டிக் குடுக்க ரப்பர் தோட்டத்துல பாதிய வித்தேன், மீதிக்கு லோன் போட்டேன், அத யாரு அடைப்பா?" இதுக்கு எனக்கு பதில் சொல்லத் தெரியல. அப்பா கெட்ட மனுஷன் இல்ல, எங்களுக்காக ஓடா தேஞ்சவங்க. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுன்னு கட்டளை இருக்கு, இன்னொரு பக்கம் இயேசுவோட சீஷனா இருக்கணும்னு பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்துட்டு நானே பவுன் எண்ணி வாங்குறது எப்படி? "நீ வாய் தொறந்து கேக்கல, அவங்களா தர்றாங்க, பேசாம இரு"ன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. அதுவும் மனசுக்கு ஒத்துக்கல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

தோவாளை_அக்கா:
தம்பி, மொதல்ல அந்த "அவங்களா தர்றாங்க"ங்கறத விட்டுடுங்க. பொண்ணு வீட்டு ஹால்ல நடக்குறத நான் பாத்திருக்கேன். எல்லாரும் முட்டுபோட்டு ஜெபம் பண்ணுவாங்க, டீயும் மிச்சரும் வரும், அப்புறம் ஒரு பெரியவர் தொண்டைய செருமிக்கிட்டு "நாங்க ஒன்னும் கேக்கல, உங்க பிள்ளைக்கு நீங்க செய்யப்போறீங்க, ஆனா ஊர் வழக்கம்னு ஒன்னு இருக்குல்லா"ம்பாரு. அதுக்கப்புறம் உள்ள அடுக்களையில அந்தப் பொண்ணோட அம்மா எந்த நகைய உருக்கலாம், எந்தச் சீட்டுப் பணத்த முன்னாடியே எடுக்கலாம்னு விரல் மடக்கி கணக்கு போட்டுட்டு நிப்பா, அந்தப் பொண்ணு அதப் பாத்துட்டே தலைய குனிஞ்சிட்டு நிக்கும். அந்த வீட்டுக்கு அது வெகுமதி இல்ல, சுமை. மாப்பிள்ளை பேசாம இருந்தா அந்த மௌனம்தான் கேள்வியே.

யோவான் ஸ்நானன்கிட்ட ஆயக்காரங்க, அதாவது வரி வசூலிக்கிறவங்க, வந்து "நாங்க என்ன செய்யணும்"னு கேட்டப்போ அவர் வேலைய விட்டுட்டு வனாந்தரத்துக்கு வாங்கன்னு சொல்லல, கட்டளையிட்டதுக்கு மேல ஒன்னும் வாங்காதீங்கன்னுதான் சொன்னார் (லூக்கா 3:13). அவங்க கைக்கு தினமும் காசு வர்ற அந்த இடத்துலயே கைய வெச்சார். நமக்கு கல்யாணப் பேச்சு அந்த மாதிரி ஒரு இடம்.

இப்ப உங்க அப்பா கேட்ட கேள்விக்கு வர்றேன், அதுதான் முக்கியம், அத சும்மா தட்டிக்கழிக்கக் கூடாது. மாற்கு 7-ஆம் அதிகாரத்துல கொர்பான் பத்தி வருதுல்லா, தாய் தகப்பனுக்கு செய்ய வேண்டியத தேவனுக்கு காணிக்கைன்னு சொல்லி நிறுத்திக்கிட்டவங்கள இயேசு கடிஞ்சுகிட்டார். அதனால "நான் சீஷன், எனக்கு சீதனம் வேண்டாம்"னு சொல்லிட்டு அப்பாவ லோனோட தனியா விட்டுட்டு பெங்களூர் பஸ் ஏறினீங்கன்னா நீங்களும் அததான் செய்யுறீங்க. கனம்பண்றதுன்னா அவங்க சொல்ற எல்லாத்துக்கும் தலையாட்டுறது இல்ல, அவங்க பாரத்துக்கு தோள் குடுக்குறது. உக்காந்து லோன் பேப்பர வாங்கிப் பாருங்க, எவ்வளவு பாக்கி, மாசத் தவணை எவ்வளவுன்னு எழுதுங்க, "இனி இந்தத் தவணை என் சம்பளத்துல இருந்து போகும்ப்பா"ன்னு சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிங்க. வெறும் வசனத்தோட போனா அப்பா கேக்க மாட்டாங்க, தவணையோட போங்க.

பெத்லகேம்_வீதி:
அக்கா சொல்றது சரிதான் ஆனா நடைமுறையில கொஞ்சம் யோசிங்க. ஒன்னும் வாங்கலன்னா "பையனுக்கு ஏதோ குறை இருக்கு போல"ன்னு ஊரு பேசும், அது பொண்ணு வீட்டுக்கும் கஷ்டம். பொண்ணுக்கும் தகப்பன் சொத்துல பங்கு உண்டுல்லா, நம்ம ஊருல சீதனம்ங்கறதே அந்தப் பங்குதான். ராகேலுக்கு கல்யாணத்தப்போ அவ அப்பா லாபான் வேலைக்காரிய குடுத்தான்னு வேதத்துலயே இருக்கே. அவங்க தர்றத வாங்கி பொண்ணு பேர்ல போட்டுட்டா என்ன தப்பு?

வக்கீல்_அண்ணன்:
பங்குன்னு சொன்னதால எழுதுறேன், ஏன்னா இத நம்ம மாவட்டத்து ஆளுங்க தெரிஞ்சுக்கணும். 1956-க்கு முன்னாடி கன்னியாகுமரி திருவிதாங்கூர்ல இருந்துச்சு. அங்க 1916-ல வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாம அப்பா இறந்தா மகளுக்கு மகனோட பங்குல கால்வாசி இல்லன்னா 5000 ரூபாய், இதுல எது கம்மியோ அதுதான், சீதனம் குடுத்தாச்சுன்னா அதுவும் கிடையாது. மேரி ராய்னு ஒரு அம்மா தைரியமா கேஸ் போட்டாங்க, 1986-ல சுப்ரீம் கோர்ட் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும்னு தீர்ப்பு குடுத்துச்சு, அதுல மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அதனால "சீதனம்தான் பங்கு"ங்கற பேச்சுக்கு இப்ப சட்டத்துல எடமே இல்ல. பங்கு குடுக்கணும்னா மகள் பேர்ல பத்திரம் போடட்டும், உயில் எழுதட்டும், அத மாப்பிள்ளை வீட்டோட பேரம் பேச வேண்டியது எதுக்கு? காலேபோட மக அக்சாள் தகப்பன்கிட்ட தானே கேட்டு மேற்புறத்து நீரூற்றையும் கீழ்ப்புறத்து நீரூற்றையும் வாங்கிக்கிட்டா (யோசுவா 15), அதுல மாமனார் மாமியார் பேச்சே வரல. லாபான பத்தி சொன்னீங்க, ஆனா ராகேலுக்காக ஏழு வருஷம் வேலை செஞ்சது யாக்கோபு. வேதத்துல பரிசம் குடுக்குறது மாப்பிள்ளை பக்கம்தான்.

1961 வரதட்சணை தடைச் சட்டம் எல்லா மதத்துக்கும் பொது. வாங்குறதும் குத்தம் குடுக்குறதும் குத்தம், குறைஞ்சது 5 வருஷம் சிறை. கேக்காம பிரியமா தர்ற பரிசுக்கு விலக்கு இருக்கு, ஆனா லிஸ்ட் எழுதி வைக்கணும், அவங்க வசதிக்கு மீறினதா இருக்கக் கூடாது. இன்னொன்னு, சீதனம்னு வேற யார் கைக்கு எது வந்தாலும் மூணு மாசத்துக்குள்ள பொண்ணுகிட்ட குடுத்துடணும், அத வெச்சு அக்கா கல்யாண லோன் அடைக்க முடியாது தம்பி.

குழித்துறை_தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, அந்த கொர்பான் பகுதிய நான் கிளாஸ்லயே எடுத்திருக்கேன், ஆனா இந்தக் கோணத்துல யோசிச்சதே இல்ல. நேத்து ராத்திரி அப்பாகிட்ட லோன் புக் கேட்டேன், மொதல்ல கோவப்பட்டாங்க, அப்புறம் எடுத்துக் குடுத்தாங்க. தவணை நான் கட்ட முடியுற அளவுலதான் இருக்கு, பைக் வாங்குறத தள்ளிப்போடணும், அவ்வளவுதான். அப்பா இன்னும் சரின்னு சொல்லல, "அம்மாகிட்ட பேசு"ன்னு சொல்லிருக்காங்க. பொண்ணு வீட்ல யார் மூலமா சொல்றது? புரோக்கர் மாமாகிட்ட சொன்னா அவர் இத வேற மாதிரி கொண்டு போயிடுவாரு.

தோவாளை_அக்கா:
புரோக்கர் வேண்டாம். மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க, இது அவ வாழ்க்கையும்தான, அவளுக்குத் தெரியாம முடிவு எடுக்காதீங்க. அம்மாவோட நகை ஒன்னு பிரியமா வேணும்னு அவ ஆசைப்படலாம், அது அவளோடது, அதுல நீங்க தலையிட வேண்டாம். அப்புறம் அவங்க அப்பாகிட்ட நேர்ல போய், "மாமா, நாங்க ரொக்கமோ பவுனோ எதிர்பாக்கல, கல்யாணச் செலவ ரெண்டு வீடும் பாதி பாதி போடுவோம்"னு தெளிவா சொல்லிடுங்க, எங்க வீட்ல என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு சொல்றேன்ங்கற பேச்சு வேண்டாம். சபை ஐயர்கிட்ட ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, குடுக்குறதுக்கு முன்னாடி இத முடிச்சிடுங்க, மூணு வாரம் சர்ச்சுல ஓலை வாசிக்க ஆரம்பிச்சாச்சுன்னா சொந்தக்காரங்க வாய்க்கு பயந்தே எல்லாரும் பழைய பேச்சுக்கு திரும்பிடுவாங்க. அம்மாகிட்ட பேசும்போது உங்க அக்காவையும் பக்கத்துல வெச்சுக்குங்க, அவளுக்காக வித்த தோட்டத்த பத்தி அவளுக்கும் சொல்ல நிறைய இருக்கும்.