சொலிசிட்டர் இல்லாமல் நேரடியாக பாரிஸ்டரை அமர்த்துவது: இங்கிலாந்து, வேல்ஸ் அனுபவக் குறிப்புகள்

ஹாரோவிலிருந்து:

'பப்ளிக் ஆக்சஸ்' என்ற ஏற்பாட்டில் 2004 முதல் பொதுமக்கள் சொலிசிட்டர் (வழக்கு வேலைகளைக் கவனிக்கும் வக்கீல்) மூலம் போகாமல், நேராகவே பாரிஸ்டரிடம் (நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்) போகலாம். ஆனால் இதற்கென்று தனிப் பயிற்சி முடித்தவர்கள்தான் எடுக்க முடியும். பாரிஸ்டர்களைக் கண்காணிக்கும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடி மூன்று விஷயம் பாருங்கள்: தொழில் செய்வதற்கான நடப்புச் சான்றிதழ், பப்ளிக் ஆக்சஸ் அனுமதி, வழக்கு நடத்தும் அனுமதி. நம் ஆட்களிடையே பார் படிப்பை முடித்துவிட்டு, சான்றிதழ் இல்லாமலே பாரிஸ்டர் என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. பணம் கொடுக்குமுன் பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது அனுமதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. அது இல்லாத பாரிஸ்டர் ஆலோசனை சொல்வார், மனு எழுதித் தருவார், நீதிபதி முன் வாதாடுவார். வழக்கைத் தாக்கல் செய்வதும், ஆவணங்களை எதிர்த்தரப்புக்கு முறைப்படி அனுப்புவதும் உங்கள் வேலை. நீதிமன்றத்தைப் பொறுத்தவரை நீங்கள் உங்களுக்காகவே வழக்காடுபவர். கடிதமெல்லாம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கவுண்டி கோர்ட்டில் (சிவில் வழக்குகளுக்கான நீதிமன்றம்) உங்கள் மேல் போட்ட வழக்கின் கோரிக்கை விவரம் கைக்கு வந்தால் பதில் மனுவுக்கு 14 நாள்; கிடைத்ததாக ஒப்புகைப் படிவம் அனுப்பினால் மொத்தம் 28 நாள். பாரிஸ்டர் எழுதிய பதில் மனு உங்கள் மின்னஞ்சலில் கிடந்து தேதி கடந்தால், எதிர்த்தரப்பு விசாரணையே இல்லாமல் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிவிடலாம்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து:

கட்டணம் பற்றி. சேம்பர்ஸுக்கு (பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகம்) போன் செய்தால் முதலில் பேசுவது கிளார்க்தான். விலை சொல்பவரும் அவரே. கதை முழுவதையும் போனில் சொல்ல வேண்டாம். தேதிவாரியாக ஒன்றிரண்டு பக்கக் குறிப்பு, கடைசியாக வந்த உத்தரவு, அடுத்த ஹியரிங் (விசாரணை) தேதி, எதிர்த்தரப்பின் முழுப்பெயர் இவற்றை அனுப்புங்கள். எதிர்த்தரப்புக்கு அந்த பாரிஸ்டர் ஏற்கெனவே வேலை செய்திருக்கிறாரா என்று பார்க்கப் பெயர் தேவை. பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கேட்பார்கள்.

எழுத்து ஆலோசனை, நேர்ச் சந்திப்பு, மனு எழுதுவது, ஹியரிங் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிலையான தொகை பேசலாம், அதுவே நல்லது. சொன்ன தொகையில் 20% வாட் வரி சேர்ந்ததா என்று கேளுங்கள். ஹியரிங் கட்டணம் வழக்கமாக ஆயத்தத்துக்கும் முதல் நாளுக்கும். இரண்டாம் நாளிலிருந்து 'ரெஃப்ரெஷர்' என்ற நாள் கட்டணம் தனி. பெரும்பாலும் முன்பணமாகக் கேட்பார்கள். உங்கள் பணத்தை பாரிஸ்டர் பொறுப்பில் வைத்திருக்கக் கூடாது என்பதால் கோர்ட் கட்டணம், நிபுணர் கட்டணம் எல்லாம் நீங்களே நேராகக் கட்ட வேண்டும்.

பிறகு 'கிளையன்ட் கேர் லெட்டர்' என்ற ஒப்பந்தக் கடிதம் வரும். எந்த வேலை அடங்கும், எந்தத் தேதிக்குப் பிறகு வழக்கு சமரசமானாலும் முழுத்தொகை போய்விடும், பாரிஸ்டர் வேறு வழக்கில் மாட்டிக்கொண்டால் என்ன ஏற்பாடு: இந்த மூன்றும் அதில் தெளிவாக இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

லெஸ்டரிலிருந்து:

மேலே சொல்லாத ஒன்று, எங்கட சனத்துக்கு மிக முக்கியம். சிவில் வழக்குகளில் சாட்சி வாக்குமூலம் சாட்சியின் சொந்த மொழியில் இருக்கவேணும் என்று 2020 இலிருந்து விதி இருக்கு. தமிழில் மட்டும் சரளமாகக் கதைக்கிற அம்மாவின் வாக்குமூலத்தை மகன் ஆங்கிலத்தில் எழுதி, அவர் கையெழுத்து வைத்தால், நீதிபதி அதை ஏற்க மறுக்கலாம். தமிழில் எழுதி, அவர் வாசித்துக் கையெழுத்திட்ட பிறகு மொழிபெயர்க்கவேணும். மொழிபெயர்த்தவர் சரியானது என்று சான்று எழுதி ஒப்பமிடவேணும். மொழிபெயர்த்த தேதியும் வேணும். இரண்டையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கோ. இதற்குக் காலம் எடுக்கும். கடைசிக் கிழமையில் தொடங்காதேயுங்கோ.

ஆவணங்களையும் பாரிஸ்டரிடம் குவியலாகக் கொடுக்கவேண்டாம். அடுக்குவதற்கும் அவரது நேரத்துக்குத்தான் காசு. பொருளடக்கம், தேதி வரிசை, தொடர் பக்க எண், சொல் தேடக்கூடிய ஒரே பிடிஎஃப். வாட்ஸ்அப் படங்களில் தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரியாவிட்டால், யார் எப்போது அனுப்பினது என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும்.

ஹாரோவிலிருந்து மறுபடி:

குடிவரவு மேல்முறையீடுகளுக்கும் நேரடி பாரிஸ்டர் உண்டு. நாட்டுக்குள் இருந்து செய்வதற்கு, முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாள்தான். ஆள் தேடும் நேரமும் அதற்குள்ளேயே ஓடும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று விண்ணப்பத்திலேயே சொன்னால் தீர்ப்பாயமே ஏற்பாடு செய்யும், செலவு இல்லை.

ஆனால் இந்த வழியில் லீகல் எய்ட் (வக்கீல் செலவுக்கு அரசு உதவி) கிடையாது. அகதி வழக்கில் வருமானம் குறைவென்றால் முதலில் லீகல் எய்ட் சொலிசிட்டரைத் தேடுங்கள். பிள்ளையைப் பராமரிப்பில் எடுக்க உள்ளூராட்சி கவுன்சில் வழக்குப் போட்டால், பெற்றோருக்கு வருமானம் பார்க்காமலே லீகல் எய்ட் உண்டு. அங்கே கடன் வாங்கி நேரடி பாரிஸ்டருக்குக் கட்டவே கூடாது.

பாரிஸ்டர் சேவையில் குறை இருந்தால் முதலில் அவரிடமோ சேம்பர்ஸிடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் தீராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லையென்றால் வக்கீல் சேவை பற்றிய புகார்களை விசாரிக்கும் லீகல் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதம் வரைதான் எடுப்பார்கள்.